இரண்டு மாத இருமலுக்கு எந்த டெஸ்ட்: மலையிலேயே பார்ப்பதா, கீழே இறங்குவதா?

குன்னூரில் ஒரு லேப்பில் வேலை செய்கிறேன். டிசம்பர் வந்து உறைபனி விழ ஆரம்பித்தால் எங்கள் பெஞ்சில் உட்காருபவர்களில் பாதிப்பேர் இருமிக்கொண்டுதான் இருப்பார்கள். ஊசியைக் கையில் எடுத்ததும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ரத்தம் பார்த்தா போதுமா, இல்ல கோயமுத்தூர் போய் அந்த ஊதுற டெஸ்ட் எடுக்கணுமா?"

ஊதும் டெஸ்ட் என்று அவர்கள் சொல்வதில் இரண்டு இருக்கிறது. ஒன்று ஸ்பைரோமெட்ரி, மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. மற்றது ஃபீனோ, வெளிவிடும் மூச்சில் ஒரு வாயுவை அளப்பது. இரண்டும் அளப்பது வெவ்வேறு விஷயம். சளியைப் பரிசோதிப்பது, ஐஜிஈ (அலர்ஜியில் ஏறும் ஒரு ரத்தப் புரதம்), எதெதற்கு அலர்ஜி என்று பார்க்கும் அலர்ஜி பேனல் என்று வரிசை இன்னும் நீளும். ஒன்றுமே வேண்டாம், இன்ஹேலரைப் போட்டுப் பார்ப்போம் என்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் எடுத்தால் பர்ஸ் காலி. ஒன்றையும் எடுக்காவிட்டால் வருடக்கணக்கில் டானிக். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முக்கால்வாசிப் பேருக்கு ரத்த அணு எண்ணிக்கையும் ஸ்பைரோமெட்ரியும் போதும், ஃபீனோ இந்த இரண்டும் ஒத்துப்போகாதவர்களுக்கு. ஆனால் எதை எடுத்தாலும் ஸ்டீராய்டு உடம்புக்குள் போவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். எந்த டெஸ்ட் என்பதைவிட எப்போது என்பதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய்ப் பரிசோதனை என்பது நம் நாட்டு விதி. சளி டெஸ்ட் அரசு மருத்துவமனையில் இலவசம். நெஞ்சு எக்ஸ்-ரேவும் பார்த்துவிட வேண்டும். சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது, இதில் எது இருந்தாலும் கீழே எழுதியிருப்பதை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் டாக்டரிடம் போங்கள். பெரியவர்களுக்கு எட்டு வாரத்தைத் தாண்டினால்தான் அது நாள்பட்ட இருமல். குழந்தைகளுக்கு நான்கு வாரம்.

சரி, இந்த டெஸ்டுகள் எதைத்தான் தேடுகின்றன? மூச்சுக்குழாயின் உள்சுவர் அழன்று வீங்கியிருக்கிறதா, அப்படியானால் அது எந்த வகை அழற்சி என்பதை. ஆஸ்துமாக்காரர்களில் பெரும்பகுதியினருக்கு இருப்பதை 'டைப் 2' அழற்சி என்கிறார்கள். அதில் இன்டர்லியூகின்-5 என்ற வேதிப்பொருள் ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்களைப் பெருக்கி மூச்சுக்குழாய்க்கு வரவழைக்கிறது. இன்டர்லியூகின்-13 என்பது மூச்சுக்குழாயின் உள்தோலை நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அதிகமாக உண்டாக்க வைக்கிறது. ரத்தத்தில் ஈசினோபிலை எண்ணுவது முதல் பாதையைப் பார்ப்பது. வெளிவிடும் மூச்சில் அந்த வாயுவை அளப்பது, அதாவது ஃபீனோ, இரண்டாவது பாதையைப் பார்ப்பது. பாதை இரண்டு என்பதால் ஒன்று ஏறியும் மற்றது ஏறாமலும் இருக்கலாம். இரண்டுமே ஏறாத ஆஸ்துமாவும் உண்டு. அதனால் இந்த எண்கள் குறைவாக வந்தால் ஆஸ்துமா இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. கூடினால் சந்தேகம் வலுக்கும், குறைந்தால் வேறு வழியிலும் தேட வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் ரத்தம், என் கைக்குப் பழகிய சமாச்சாரம். கவுன்ட்டர் மெஷின் அரை நிமிடத்தில் எண்ணைக் கக்கிவிடும். ஆனால் எண் கொஞ்சம் முறைத்தால் நாங்கள் ஸ்லைடு போட்டுக் கண்ணால் பார்ப்போம். லீஷ்மன் சாயம் ஏறிய ஈசினோபிலைத் தவற விடவே முடியாது: உட்கரு இரண்டு மடலாக ஊதா நிறத்தில், சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் பருபருவென்று துகள்கள். நூறு வெள்ளை அணுவில் இது எத்தனை என்பது சதவீதம். ரிப்போர்ட்டில் சதவீதத்தை மட்டும் பார்த்து மிரள்பவர்கள்தான் அதிகம். மொத்த வெள்ளை அணு 7,000, ஈசினோபில் 8 சதவீதம் என்றால் ஒரு மைக்ரோலிட்டரில் 560. மொத்தம் 4,000-ஆக இருந்து அதே 8 சதவீதம் என்றால் 320 மட்டுமே. டாக்டருக்கு வேண்டியது இந்த ஏஇசி, அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் உள்ள ஈசினோபில் எண்தான். பெரும்பாலான லேப்களில் மேல் எல்லை 500 பக்கம் இருக்கும். 300-ஐத் தாண்டினாலே டைப் 2 அழற்சி இருக்கலாம் என்று நெஞ்சு டாக்டர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள்.

மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், அரசு மருத்துவமனையில் காசே இல்லை. குறை என்னவென்றால் ஈசினோபில் ஆஸ்துமாவுக்கு மட்டும் ஏறுவதில்லை. மூக்கு அலர்ஜி, தோல் அரிப்பு, சில மாத்திரைகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புழு. தோட்ட வேலைக்குச் செருப்பில்லாமல் இறங்குபவர்களுக்குக் கொக்கிப்புழு வருவது ஒன்றும் அதிசயமில்லை. நம் ஊரில் "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்று அதையே ஒரு வியாதிப் பெயராகச் சொல்லிக்கொண்டு முப்பது வருடம் ஓட்டியவர்கள் உண்டு. அது வியாதி இல்லை, ஒரு எண். அந்த எண்ணுக்குப் பின்னால் ஆஸ்துமாவும் இருக்கலாம், வயிற்றுப் புழுவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

அந்தப் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1940-இல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தின் டாக்டர்கள், காசநோய் போலவே தோன்றி ரத்தத்தில் ஈசினோபில் எகிறி நிற்கும் ஒரு நோயைப் பற்றி எழுதினார்கள். 1943-இல் அதற்கு 'ட்ராபிகல் ஈசினோபீலியா' என்று பெயர் வந்தது. பிறகுதான் அது யானைக்கால் புழுவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை என்று தெரிந்தது. ராத்திரி இருமல், இளைப்பு, வீசிங் என்று அச்சு அசல் ஆஸ்துமா மாதிரியே இருக்கும். ஆனால் ஏஇசி 3,000-க்கு மேல் போகும், ஐஜிஈயும் ஆயிரத்தைத் தாண்டும். டைஎத்தில்கார்பமசின் மாத்திரை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். இன்ஹேலரை மட்டும் நம்பியிருந்தால் அடங்காது. சமவெளியில் வளர்ந்து மலைக்கு வேலைக்கு வந்தவரின் ஏஇசி ஆயிரக்கணக்கில் இருந்தால் ஆஸ்துமா என்று எழுதுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தொல்லை நேரம். ஈசினோபில் பகலில் இறங்கி இரவில் ஏறும். ஆகவே இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். அப்புறம், ஸ்டீராய்டு மாத்திரை விழுந்த சில மணி நேரத்திலேயே எண்ணிக்கை சரியத் தொடங்கிவிடும். கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒரு அக்காவின் ரிப்போர்ட் கையில் இருந்தது. மூச்சில் விசில் சத்தம் எனக்கே கேட்கிறது, ஆனால் ஈசினோபில் சுழியம்.

"அக்கா, இந்த வாரம் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"மெடிக்கல்ல வாங்கினதுதான் தம்பி. சின்னதா வெள்ளை மாத்திரை, அஞ்சு நாளைக்குக் குடுத்தாங்க. அதைப் போட்டாதான் ராத்திரி தூக்கமே வருது."

அட்டையை வாங்கிப் பார்த்தேன், பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. அந்தச் சுழியத்துக்கு அர்த்தமே கிடையாது. மாத்திரை நின்று சில வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'ஸ்டீராய்டு எடுத்திருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தேன். இதை எழுதுவது லேப்காரனின் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

இப்போது ஃபீனோ. பெரும்பாலும் கோவையில்தான் கிடைக்கும். ஊட்டியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். பர்லியாறு வளைவுகளில் இருமிக்கொண்டே இறங்க வேண்டும். டெஸ்ட் மட்டும் படு சுலபம். வாயில் குழாயை வைத்து நன்றாக மூச்சை உள்ளே இழுத்துப் பத்து விநாடி சீராக வெளியே விட வேண்டும். நொடிக்கு 50 மில்லிலிட்டர் என்பது கணக்கு. வேகமாக ஊதினால் வாயு நீர்த்து எண் குறையும், மெதுவாக விட்டால் கூடும். அதனால்தான் திரையில் ஒரு படம் ஏறாமல் இறங்காமல் நிற்கும்படி ஊதச் சொல்கிறார்கள். சூடான டீயை ஆற்ற ஊதுவோமே, அந்த ஊதல் போதும். பலூன் ஊதுகிற பலம் தேவையில்லை. எண் பிபிபி அளவில், அதாவது நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்று, அங்கேயே வந்துவிடும். பெரியவர்களுக்கு 25-க்குக் கீழ் இருந்தால் ஈசினோபில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 50-ஐத் தாண்டினால் வாய்ப்பு அதிகம், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்கு இருமல் கட்டுப்படும் என்றும் எதிர்பார்க்கலாம். குழந்தைகளுக்கு இந்த எல்லைகள் 20, 35.

இதன் பெரிய பலம், வயிற்றுப் புழுவால் ஏறும் ரத்த எண்ணைப் போல இது அவ்வளவாக ஏமாற்றாது. மூச்சுக்குழாயிலிருந்தே வரும் சேதி. ஊசியும் கிடையாது. ஆனால் இதையும் கெடுக்க ஆயிரம் வழி உண்டு. பீடி சிகரெட் குடிப்பவருக்கு எண் இறங்கும். ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தொடங்கியவருக்கும் சில நாளிலேயே இறங்கும். மூக்கு அலர்ஜியும் சளிக்காய்ச்சலும் ஏற்றிவிடும். நைட்ரேட் நிறைந்த காய்களும் ஏற்றும்: பீட்ரூட், லெட்யூஸ், கீரை. நீலகிரிக்காரனிடம் பீட்ரூட் சாப்பிடாதே என்று சொல்வது கொஞ்சம் கொடுமைதான், டெஸ்ட் அன்று மட்டும் தள்ளி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காபி, பீடி எதுவும் வேண்டாம். அதே நாளில் ஸ்பைரோமெட்ரியும் இருந்தால் ஃபீனோவை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். பலமாக ஊதி முடித்த பிறகு எடுத்தால் எண் சற்றுக் குறையலாம்.

25-க்கும் 50-க்கும் நடுவே வந்தால்? இந்த நடுப்பகுதியில் சிக்குபவர்கள் நிறைய. ரிப்போர்ட் எதையும் தீர்த்து வைக்காது, வந்து போன செலவுதான் மிச்சம் என்று கோபம் வரும். கோவைக்கு யோசிக்காமல் வண்டி ஏறாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

ஸ்பைரோமெட்ரி அழற்சியை அளப்பதில்லை, குழாய் சுருங்கியிருப்பதையும் மருந்துக்கு அது விரிவதையும் அளக்கிறது. ஒருமுறை பலமாக ஊதி, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்தை எடுத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி ஊத வேண்டும். முதல் விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா பக்கம் தராசு சாயும். ஆனால் ஆஸ்துமா வந்து வந்து போவது. நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் எல்லாம் நார்மல் என்று வரும். வீசிங் இல்லாமல் இருமல் மட்டுமாகவே வரும் ஆஸ்துமாவில் இது இன்னும் சகஜம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்தபிறகு மலையை விட்டு இறங்காமலே பலதையும் பார்க்க முடிகிறது. எந்தக் கிழமை ஊதுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை வாங்கி இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி நோட்டில் எழுதிக்கொண்டு போனால், நார்மலாக வந்த ஸ்பைரோமெட்ரி சொல்லாமல் விட்டதை அது சொல்லிவிடும். ஃபேக்டரி வேலைக்காரர்களுக்கு இதைவிட நல்ல டெஸ்ட் எனக்குத் தெரியவில்லை: வேலை நாளில் எண் இறங்கி லீவு நாளில் ஏறினால் காரணம் வேலை இடத்தில் இருக்கிறது. தேயிலை சலிக்கும் அறையில் பறக்கும் பஞ்சு போன்ற தூசியால் ஆஸ்துமா வருவது இலங்கையில் 1970-லேயே மருத்துவ இதழில் பதிவானது.

சளியில் ஈசினோபிலை எண்ணுவதுதான் இருப்பதிலேயே நேரடியானது. உப்புநீர் ஆவியை இழுக்கவைத்துச் சளியை வரவழைத்து, தாமதிக்காமல் பிரித்துச் சாயமிட்டு எண்ண வேண்டும். மூன்று சதவீதத்தைத் தாண்டினால் ஈசினோபில் அழற்சி. ஆள்பலமும் நேரமும் கேட்கும் வேலை, எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள். ஆனாலும் இதனால்தான் ஒரு முக்கியமான விஷயம் வெளியே வந்தது. 1989-இல் கனடாவில் சில இருமல்காரர்களின் சளியில் ஈசினோபில் நிறைய இருந்தது, ஸ்பைரோமெட்ரியோ நார்மல், மூச்சுக்குழாயைச் சீண்டிப் பார்க்கும் மெத்தகோலின் டெஸ்டும் நார்மல். அவர்களுக்கு ஆஸ்துமா இல்லை, ஆனால் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு இருமல் நின்றது. ஆஸ்துமா அல்லாத ஈசினோபில் மூச்சுக்குழாய் அழற்சி என்று இப்போது சொல்கிறார்கள். ஸ்பைரோமெட்ரி நார்மல், ஆகவே உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடப்பட்டவர்களில் சிலர் இந்த வகை. சளியில் ஈசினோபிலை எண்ணும் வசதி இல்லாத இடத்தில் இவர்களைக் கண்டுபிடிக்க ஃபீனோ கைகொடுக்கும். கோவைப் பயணம் வீண்போகாதது முக்கியமாக இவர்களுக்குத்தான்.

அலர்ஜி பேனல் பற்றிச் சுருக்கமாக: முதல் டெஸ்டாக எடுக்காதீர்கள். எனக்கு வியாபாரம் கெடும், பரவாயில்லை. ஐஜிஈ கூடியிருந்தால் உடம்புக்கு அலர்ஜி சுபாவம் உண்டு என்று தெரியும், இருமலுக்குக் காரணம் அதுதானா என்று தெரியாது. புழுவுக்கும் அது ஏறும். ஆஸ்துமா உறுதியாகி, மருந்துக்கும் அடங்காமல், அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வேலையோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால் அப்போது ஐஜிஈ மிகவும் உதவும்.

இந்த இடத்தில் மலைக்காற்று பற்றி ஒரு வார்த்தை. உயரமான இடத்தில் ஆஸ்துமா குறையும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் 1,560 மீட்டர். அங்கே காற்று வறண்டிருப்பதால் தூசிப்பூச்சி பிழைப்பதில்லை. அந்தப் பூச்சி தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழும். ஊட்டி 2,240 மீட்டர், டாவோஸைவிட உயரம். ஆனால் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை என்று வருடத்தில் பாதி நாள் கம்பளியே காயாது. போதாக்குறைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பை மூட்டிக் குளிர்காய்கிறோம். மலையில் இருப்பதால் ஆஸ்துமா இருக்காது என்று எந்த டெஸ்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்ஹேலரைப் போட்டே பார்த்துவிடலாம் என்பவர்களின் வாதத்தையும் ஒதுக்க முடியாது. கோடநாட்டுக்கு அப்பால் இருந்து வரும் ஒருவருக்குப் போக வர ஒரு நாள் கூலி போகிறது. டாக்டர் பார்த்து, அறிகுறி ஆஸ்துமா மாதிரியே இருந்து, சில வாரம் மருந்து கொடுத்துத் திரும்ப வரச் சொல்வது நியாயமான வழிதான். சங்கடம் என்னவென்றால் இருமல் தானாகவே நின்றிருந்தாலும் பெயர் இன்ஹேலருக்குத்தான் போகும், ஆஸ்துமா என்ற முத்திரையும் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முன்தினம் ஒரு ஏஇசியாவது எடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு சந்தேகம் வரும்போது திரும்பிப் பார்க்க ஒரு எண் கையில் இருக்கும். மூச்சுத் திணறி நிற்பவருக்கு மட்டும் இந்தப் பேச்சே கிடையாது. அவருக்கு மருந்துதான் முதலில், டெஸ்ட் பிறகு.

இங்கிலாந்தில் 2024 நவம்பரில் வந்த புது வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு ஃபீனோ அல்லது ரத்த ஈசினோபில் இரண்டில் ஒன்றை முதலில் பார்க்கச் சொல்கிறது. ஆஸ்துமா மாதிரியான அறிகுறிகள் இருந்து, ஃபீனோ 50 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, ஈசினோபில் லேப்பின் எல்லையைத் தாண்டினாலோ, ஆஸ்துமா என்று எழுதிவிடலாம். இல்லையென்றால்தான் ஸ்பைரோமெட்ரி, அடுத்து பீக் ஃப்ளோ, கடைசியாக மூச்சுக்குழாயைச் சீண்டும் டெஸ்ட். படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஒரு சாதாரண ரத்த டெஸ்டுக்கு இவ்வளவு மரியாதை! ஆனால் அது புழுத் தொல்லை குறைந்த ஊருக்கு எழுதியது. தேயிலைத் தோட்டத்துக்காரரின் 600-க்கும் லண்டன்காரரின் 600-க்கும் ஒரே அர்த்தம் இல்லை. இங்கே எண் கூடி வந்தால் மலம் பரிசோதித்து, டாக்டர் சொன்னால் புழு மாத்திரை போட்டு, ஒரு மாதம் போலக் கழித்து இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்றொரு புழு இருக்கிறது. அது உள்ளே இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கினால் புழு உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படியானால் யார் எதை எடுப்பது? ராத்திரியில், விடியற்காலையில், பனியில் இருமல் கூடுகிறது, குடும்பத்தில் ஆஸ்துமா உண்டு என்பவர் ஏஇசி, ஸ்பைரோமெட்ரி இரண்டையும் மலையிலேயே முடிக்கலாம். இரண்டும் ஒரே பக்கம் காட்டினால் கோவைக்குப் போக வேண்டியதில்லை. ஈசினோபில் கூடுதல், ஸ்பைரோமெட்ரி நார்மல், புழுவும் இல்லை என்பவருக்கு ஃபீனோ. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஊசிக்கு அழுதால் ஃபீனோதான் நல்லது. ஐந்து வயதுக்குக் கீழ் எந்த ஊதலும் ஒழுங்காக வராது, குழந்தை டாக்டரின் அனுபவத்தைத்தான் நம்ப வேண்டும். இருமல் வந்ததும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரை தொடங்கியதும் ஒரே சமயம் என்றால் அழற்சி டெஸ்ட் எதுவும் வேண்டாம், மாத்திரையை டாக்டர் மாற்றியபிறகு சில வாரம் பொறுத்துப் பாருங்கள். நெஞ்செரிச்சல் இருக்கிறதா, மூக்கிலிருந்து தொண்டைக்குச் சளி இறங்குகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இந்த இரண்டுக்கும் இந்த எண்கள் பதில் சொல்லாது.

நாற்பது வருடம் பீடி குடித்த பெரியவருக்கு ஃபீனோ வீண் செலவு. பீடியே எண்ணை இறக்கி வைத்திருக்கும். அவருக்கு ஸ்பைரோமெட்ரிதான் முதலில். அதில் சிஓபிடி (புகையால் மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கும் நோய்) என்று தெரிந்தால் ரத்த ஈசினோபிலுக்கு வேறொரு உபயோகம் வருகிறது: 300-க்கு மேல் இருந்தால் அவருடைய இன்ஹேலரில் ஸ்டீராய்டைச் சேர்ப்பதால் பலன் இருக்கலாம், 100-க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். அந்த எண்ணைக் குன்னூரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.